தொண்ணூற்றிரண்டு சதவீதம்

ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லி
டேப்பை நீட்டி அளந்தாள் பிசியோ ஷெரின்.
வலது நூற்று முப்பத்தொன்று.
இடது நூற்று இருபத்தொன்று.
"தொண்ணூற்றிரண்டு சதவீதம். ஆடலாம்" என்று
பச்சை மையில் எழுதினாள்.

பிறகு ஒரு தாள் தந்தாள்.
பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள்
ஏதாவது ஓர் எண்ணுக்கு வட்டம் போட வேண்டும்.
ஆட்டத்தில் மறுபடி முட்டி போய்விடும் என்று
எவ்வளவு பயம்?
இரண்டுக்குப் போட்டேன்.
ஒன்பது என்பது
போலீஸ் வேலைக்கு விளையாட்டுக் கோட்டாவில்
பெயர் கொடுத்திருப்பவள்
வட்டம் போடக்கூடிய எண் இல்லை.

நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று
வேலூரைக் கேலி பேசுவார்கள்.
வலியில்லாத முட்டியையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.
கதவு, ஜன்னல், தாழ்ப்பாள் எல்லாம் புதுசு.
குடிவரத்தான் ஆளில்லை.

ஒன்பது மாதம்.
உட்காரும் கக்கூஸ் இருக்கிறதென்று
சத்துவாச்சாரியில் அத்தை வீட்டில் கிடந்தேன்.
இடது தொடை
என் இரண்டு கைக்குள் அடங்கிப்போனது.
என் ஏழாம் நம்பர் பனியனை
ஆற்காட்டுப் பிள்ளை ஒருத்திக்குக் கொடுத்தார்கள்.
அவள் ரைடு போய்த் தோற்ற அன்று
சேமியா பாயசம் இன்னொரு டம்ளர் கேட்டுக் குடித்தேன்.
எந்தத் தாளிலும் இதற்குக் கேள்வி இல்லை.

யாரோ எடுத்த வீடியோ, பதினொரு விநாடி.
கூட்டத்தின் கூச்சலில்
அந்தச் சத்தம் பதிவாகவே இல்லை.
ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்கிறது,
நடக்கும்போது செருப்பு வார்
அறுகிற மாதிரி.

ஸ்டேடியத்துக்குத் திரும்பிய முதல் நாள்
நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுப் பாடிப்போனேன்.
கபடி கபடி கபடி.
இடது காலை ஊன்றிச் சுழல வேண்டிய இடத்தில்
சின்னச் சின்னதாய் மூன்று அடி வைத்துத் திரும்பினேன்,
இடுப்பில் குடம் வைத்திருப்பவள் போல.
நெஞ்சில் மூச்சு மிச்சம் இருந்தது.
பாட்டுதான் நின்றுவிட்டது.

எதிரே மூலையில் கெஜலட்சுமி.
வாலாஜாக்காரி.
அன்று என் கணுக்காலைப் பிடித்தவள்.
மூன்று மாவட்டத்தில் அவள் கால்பிடிக்குத் தப்பியவர் இல்லை.
இப்போது காலைப் பிடிப்பதே இல்லை என்றார்கள்.
ஓரமாய் நின்று தோளால் தடுக்கிறாளாம்.

தண்ணீர் டிரம் பக்கத்தில் வந்தாள்.
"காலு எப்படி கீது?"
"நல்லா கீது. உன் கை?"
திருடியது தெரிந்துவிட்டவள் மாதிரி
கையைப் பின்னால் கொண்டுபோனாள்.
கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்:
"எல்லாரும் அந்தச் சத்தம் காதுல கேட்டுதுன்றாங்கோ.
எனக்குக் கையில கேட்டுது."

தாளில் இரண்டு போட்ட கதையைச் சொன்னேன்.
உண்மை எவ்வளவு என்று
அவளும் கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு
பாதி சுருட்டிய மேட்டில் நின்று "பிடி" என்றேன்.
காற்றைப் பிடித்தாள்.
மறுபடி போனேன், காற்று.
மறுபடி.
ஐந்தாவது முறை விரல் என் சாக்ஸைத் தொட்டு
சுட்டதுபோல் விலகியது.
"நீயும்தான் காலைக் காட்ட மாட்டேன்ற" என்று கத்தினாள்.
உண்மை. வலது காலையே நீட்டிக்கொண்டிருந்தேன்.

லைட்டை அணைக்கணும் என்று வாட்ச்மேன் சாவியை ஆட்டினார்.

இடது காலை நீட்டினேன்.
பிடித்தாள்.
விழுந்தேன், அவளும் மேலே விழுந்தாள்.
எழவில்லை.
இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு
என் முட்டியைக் கேட்டோம்.
வெளியே ஆரணி பஸ் ஒன்று ஹாரன் அடித்தது.
வேறொன்றும் இல்லை.

"இப்ப எவ்ளோ?" என்றாள்.
"ஏழு."
"எனக்கு எட்டு" என்று சொல்லிவிட்டு
அப்போதும்
கணுக்காலை விடாமல் பிடித்திருந்தாள்.